வாயில் பஞ்சு, வாசலில் அண்ணி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். காரைக்கால் பக்கம் ஊராட்சியைக் கொம்யூன் பஞ்சாயத்து என்பார்கள். அந்த அலுவலகத்தில், பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜன்னலில் வரிசையை மீறி நுழைந்தவர் யாரும் இரண்டாவது தடவை நுழைந்தது கிடையாது. அப்பேர்ப்பட்ட வாயில், கீழ்வரிசை வலது பக்கக் கடைசிப் பல் ஆறு மாதமாக என்னைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தது.

கிராம்பு வைத்துப் பார்த்தேன். கிராம்பு எண்ணெய் வைத்துப் பார்த்தேன். இடது பக்கமாகவே மென்று மென்று, ஆடு அசைபோடுகிற மாதிரி முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். பல் டாக்டர் இருக்கிற தெருப்பக்கமே நான் போக மாட்டேன். ஆனால் மகளுக்குக் கல்யாணம் வைத்தாகிவிட்டது, இன்னும் மூன்றே வாரம். கல்யாணத்தன்று கன்னம் வீங்கி நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? பிடுங்கித் தொலைப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த நாட்களில் பல்லைவிடப் பெரிய வலி ஒன்றும் இருந்தது. அது என் நாத்தனார். என் கணவருடைய அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தில் சாம்பாருக்கு உப்பு போட மறந்தால்கூட மன்னிப்பு உண்டு. வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லாமல் விட்டால் கிடையாது. அதுவும் வீட்டில் பிறந்த பெண், பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது சொல்லாமல் விட்டால் அவ்வளவுதான். தம்பிக்காரன் நூறு தடவை ‘வாக்கா, வாக்கா’ என்றாலும் அது கணக்கில் வராது. வீட்டுக்காரி சொல்ல வேண்டும், தன் வாயால் சொல்ல வேண்டும்.

நாங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று நான் அதைச் சொல்லாமல் விட்டேன். கொல்லைப் பந்தலில் சமையல்காரர் பூசணிக்காயைக் கூழாக்கி வைத்துவிட்டு, ‘இதுதாங்க பதம்’ என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டே முன்வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அண்ணி வயர்க்கூடையோடு நின்றதைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. அவர் தலைக்கு மேலாக, ‘இன்னும் ரெண்டு குடம் தண்ணி கொண்டாங்கப்பா’ என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கேட்டருகில் யாரும் இல்லை.

அன்றைக்கே ஓடிப்போய்க் கையைப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. “அவங்க என்ன விருந்தாளியா? அவங்க பொறந்த வீடு. விடுவிடுன்னு உள்ள வரவேண்டியதுதானே?” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அது திருநள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர் வீடு வரைக்கும் கேட்டுவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

என் கணவர் மின்துறையில் வேலை பார்க்கிறவர். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று தன் வாயை எனக்கே விட்டுக்கொடுத்தவர். மூன்று வருடமாகப் பொங்கலுக்குப் பொங்கல், கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு தனியாக அக்கா வீட்டுக்குப் போய்ச் சீர் வைத்துவிட்டு வருவார். போனதைப் பற்றியும் சொல்ல மாட்டார், வந்ததைப் பற்றியும் சொல்ல மாட்டார். அன்று சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோவார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று இருக்கும். அதை மறைக்க, சோற்றை வீணாக்குகிறார் என்று கூடுதலாகக் கத்துவேன்.

இப்போது மகள் சென்னையிலிருந்து போனில் சொல்லிவிட்டாள். “அத்தை வந்து மொத நலங்கு வைக்கலேன்னா எனக்கு நலங்கே வேணாம்மா.” பத்திரிகை வைக்க இருவருமாகத்தான் போக வேண்டும், அதுதான் முறை. நான் போகவில்லை. எனக்குப் பயம். அவர் வீட்டு வாசலில் நான் போய் நின்று, அவர் என்னை ‘வா’ என்று சொல்லாமல் விட்டால்? என் கணவர் மட்டும் போய்த் தட்டை நீட்டிவிட்டு வந்தார். “என்னங்க சொன்னாங்க?” என்றேன். “பார்ப்போம்னு சொன்னா” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் தூங்கவில்லை. பல்வலி என்று எல்லாரிடமும் சொன்னேன்.

காரைக்காலில் ஒரு மாடியில் பல் கிளினிக். டாக்டர் என் மகள் வயசுப் பெண். ஊசி போட்டதும் பாதி முகம் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு ‘கடக்’ என்று ஒரு சத்தம், மண்டைக்குள் யாரோ கதவைத் திறந்த மாதிரி. பல்லை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். இத்தனூண்டு பல்! ஆறு மாதம் என்னை ஆட்டிவைத்தது இதுதானா என்று எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது.

குழியின் மேல் பஞ்சை வைத்து, “நல்லாக் கடிச்சுக்குங்க ஆன்ட்டி” என்றார். “ஒரு மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது. பேசக் கூடாது. துப்பக் கூடாது, எச்சி வந்தா முழுங்கிடுங்க. கொப்புளிக்கிறது எல்லாம் நாளைக்குத்தான். அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு மூடி மாதிரி நிக்கும். அதக் கலைக்காம விட்டீங்கன்னாப் போதும், மத்ததெல்லாம் ஒடம்பே பாத்துக்கும். உங்களுக்கு பிரஷர் வேற இருக்கு, ரத்தம் நிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். பேசாம இருந்துடுவீங்கள்ல?”

எனக்குப் பின்னால் என் கணவர் களுக்கென்று சிரித்தார். “டாக்டரம்மா, இத ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்களேன்” என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் மற்றவர் முன்னால் சொன்ன முதல் நையாண்டி அதுதான். திரும்பி ஒரு முறை முறைத்தேன். அச்சடித்த தாள் ஒன்றை டாக்டர் கொடுத்தார். மணி பத்தரை.

ஒரு மணி நேரம்தானே என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். பைபாஸில் ஏறினோம். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரி ஒன்று, தார்ப்பாய் பாதி பறக்க, எங்களை உரசுகிற மாதிரி ஒடித்துக்கொண்டு போனது. என் வெளிர் மஞ்சள் புடவை முழுக்கக் கரி. நான் என்ன செய்வேன்? வாய் தானாகத் திறந்துகொண்டது. “ஏய், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எறங்குடா கீழ!” என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அந்த டிரைவர் எப்போதோ போய்விட்டான். பஞ்சு என் கணவரின் வெள்ளைச் சட்டை முதுகில் விழுந்து, சிவப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டு ரோட்டில் உருண்டது. வாய் நிறைய உப்புக் கரித்தது.

வண்டியைத் திருப்பினோம். டாக்டர் என்னையும் பார்த்தார், என் கணவரின் முதுகையும் பார்த்தார். புதுப் பஞ்சு வைத்தார், அந்தத் தாளை வாங்கி அதில் பேனாவால் என்னவோ எழுதினார். “ஆன்ட்டி, மணி பதினொண்ணே கால். இப்பலேர்ந்து மறுபடியும் ஒரு மணி நேரம். பன்னெண்டே கால் வரைக்கும் கப்சிப். இன்னொரு தடவ பேசிட்டு வந்தீங்கன்னா தையல்தான் போடணும்.” தையல் என்ற வார்த்தை என்னை அடக்கிவிட்டது. தாடையை இறுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கணவர் ஒரு நிலையில் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார், சட்டையை மாற்றுகிறார், கேட்டைப் பார்க்கிறார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு, “மாத்திர வாங்கிட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார். கிளினிக்கின் கீழேயே மருந்துக்கடை இருந்ததே, அங்கேயே வாங்கியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கண்ணால் கேட்டேன். அவர் கண்ணைப் பார்க்காமல் வண்டியை உதைத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வைகாசி வெயில் தீயாய் அடித்தது. மணி பதினொன்றே முக்கால் இருக்கும், ஒரு ஆட்டோ வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. வயர்க்கூடை முதலில் இறங்கியது. அதன் பின்னால் அண்ணி இறங்கினார்.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மூன்று வருடத்தில் முடி நன்றாக நரைத்திருந்தது. கண்ணாடி புதுசு. கேட்டுக்கு வெளியே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார். எதற்காக நிற்கிறார் என்று எனக்கா தெரியாது? ஒரே ஒரு வார்த்தை. அதுவும் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து, பஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஓடினேன். கேட்டை அகலத் திறந்தேன். கையைக் கூப்பினேன். “ம்ம்… ம்ம்” என்றேன். சிரிக்கவும் சிரித்தேன். சிரித்தது பாதி முகம்தான். மற்ற பாதி மரத்துப்போய், உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தொங்கியிருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார்.

“என்ன, ஒதட்டச் சுழிக்கிறியா?” என்றார். குரல் உடைந்துவிட்டது. “மூணு வருஷம் கழிச்சு வந்து நிக்கிறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மனசு வரலயா ஒனக்கு? தம்பி பேச்சக் கேட்டு வந்தேன் பாரு, என்னைய சொல்லணும்.” திரும்பி, “வண்டியத் திருப்புங்க தம்பி” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.

ஐயோ! என் மகளின் நலங்கு, என் கணவரின் பாதிச் சாப்பாடு, எல்லாம் அந்த ஆட்டோவில் ஏறப்போகிறது. இறங்கிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாயைக் காட்டினேன், கன்னத்தைக் காட்டினேன், கையால் பிடுங்குகிற மாதிரி செய்து காட்டினேன். அவருக்கு அதெல்லாம் என்னவோ கைகால் ஆட்டுவதாகத்தான் பட்டது. அப்போதுதான் கேட் தூண் மேல் இருந்த கோலமாவு டப்பா கண்ணில் பட்டது. எடுத்தேன். அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து, சுடுகிற சிமென்ட் தரையில், ஒரு முழ உயரத்துக்கு எழுதினேன்: வாங்க அண்ணி.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். என் எழுத்து அலுவலகத்தில் பேர்போன எழுத்து. சான்றிதழ் வாங்க வருகிறவர்களே பாராட்டுவார்கள்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார் அண்ணி. “ஆனா நான் படிக்கிறதுக்கு வரல. கேக்குறதுக்கு வந்தேன்.”

பாருங்கள், அழுத்தத்தில் அவர் எனக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை. ஒரே ஓட்டமாக உள்ளே போய், டாக்டர் கொடுத்த தாளைக் கொண்டுவந்து நீட்டினேன். தாளில் டாக்டர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தார்: பஞ்சு வைத்தது 11.15, எடுப்பது 12.15, அதுவரை பேசக்கூடாது. அண்ணி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு என் தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உதட்டோரத்தில் இருந்த சிவப்பைப் பார்த்தார்.

“அடிப்பாவி, பல்லயா புடுங்கியிருக்க?”

தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பஞ்சை எடுத்துவிட்டுச் சொல்லிவிடுவோம், தையல் போட்டால் போடட்டும் என்று விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். அண்ணி பளாரென்று என் கையில் ஒரு அடி வைத்தார்.

“எடுக்காத! எனக்குப் போன வருஷம் மேப்பல்லு எடுத்தாங்க. சொன்ன பேச்சக் கேக்காம ராத்திரிபூரா துப்பித் துப்பி, அந்த மூடி கழண்டு, எலும்புல வலி எடுத்து எட்டு நாள் செத்துப் பொழச்சேன். நீ வாய மூடிக்கிட்டு நில்லு.” கடிகாரம் கட்டாத மணிக்கட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரரிடம் கேட்டார். “தம்பி, மணி என்ன?”

“பன்னெண்டு அடிக்க பத்து நிமிஷம்க்கா.”

“அப்ப இன்னும் இருவத்தஞ்சு நிமிஷம். மூணு வருஷம் வெளிய நின்னவளுக்கு இருவத்தஞ்சு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா? நீ சொன்ன பெறவு உள்ள வர்றேன்.”

அப்படியே கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். காலை ஒரு அங்குலம் உள்ளே வைக்கவில்லை. நான் குடையைக் கொண்டுவந்து கொடுத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டேன், உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தேன். “உள்ள வந்து குடிச்சுக்கிறேன்” என்று வாங்கவில்லை. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இதை விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனசு வரவில்லை.

பிறகு அண்ணி பேச ஆரம்பித்தார். மூன்று வருடத்துப் பேச்சு. பதில் சொல்ல எதிரே ஒரு வாயும் இல்லாத பேச்சு. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இத்தனை நேரம் குறுக்கீடு இல்லாமல் பேசியது கிடையாது. நடுவே நாலைந்து இடத்தில் எனக்குப் பதில் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் பஞ்சைக் கடித்தேன். அதற்காகவே வைத்த பஞ்சு மாதிரி இருந்தது.

“அவங்க என்ன விருந்தாளியான்னு கேட்டியாமே. விருந்தாளியா இருந்தா எனக்கென்ன, நீ கூப்புடலேன்னா அடுத்த வீட்டுக்குப் போயிட்டுப் போறேன். அம்மா இருந்த வரைக்கும் தெருமொனையிலயே என் கொரலக் கேட்டுட்டு ஓடி வருவா, வா வான்னு. அவ போனப்பறம் என்னய வான்னு சொல்றதுக்கு இந்த ஒலகத்துல யாரு இருக்கா? நீதான இருக்க. பழைய வீட்டயும் இடிச்சாச்சு. புது வீட்டுல எது எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. உள்ள வரலாமா கூடாதான்னு அந்தக் கேட்டுக்கிட்ட நிக்கிறப்ப எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமா?”

“பன்னெண்டு ஆச்சுக்கா” என்றார் ஆட்டோக்காரர்.

அண்ணி கூடையிலிருந்து ஒன்றை எடுத்தார். பித்தளைப் பால் பானை. மாமியாருடையது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து விளிம்பு மெலிந்துபோன பானை.

“அன்னிக்கும் இதத்தான் கொண்டாந்தேன். பால் காய்ச்ச. அம்மா பானையில பால் பொங்கினா அவளும் வந்த மாதிரி இருக்கும்னு. ராத்திரியெல்லாம் தேச்சேன். நீ பாட்டுக்கு ரெண்டு கொடம் தண்ணின்னு கத்திட்டுப் போயிட்ட. அப்பறம் எவருசில்வருல காய்ச்சுனீங்களாமே.”

எனக்கு அந்தப் பானை விஷயம் தெரியவே தெரியாது. மூன்று வருடமாக நான் மனசுக்குள் அண்ணியோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் நானே ஜெயித்திருக்கிறேன். ஒன்றில்கூட இந்தப் பானை வரவில்லை. வாயைத் திறந்து அழக்கூட முடியாது. மூக்கால் அழுதேன். எச்சிலையும் அழுகையையும் சேர்த்து முழுங்கினேன். அதைப் பார்த்து அண்ணிக்கும் அழுகை வந்துவிட்டது. குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, “அழுவாத, அழுதா ரத்தம் நிக்காது” என்று திட்டினார்.

“இன்னும் ஒம்பது நிமிஷம்க்கா.”

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?” என்று அவரிடம் பாய்ந்தார் அண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகத்தால் சிரித்தேன். இந்தத் தடவை அண்ணிக்கு அது சிரிப்பு என்று தெரிந்தது. “மூஞ்சியப் பாரு” என்று அவரும் சிரித்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும், தரையில் நான் எழுதிய எழுத்தை நடுவில் வைத்துக்கொண்டு, கடைசி ஒன்பது நிமிடமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். தெருவில் சைக்கிளில் போனவர் ஒருவர் இறங்கி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மறுபடியும் ஏறிப் போனார்.

ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லாமல் போனைத் தூக்கிக் காட்டினார். பன்னிரண்டே கால்.

“மொள்ள எடு. வெடுக்குன்னு இழுக்காத. வெரல்ல தண்ணியத் தொட்டு நனைச்சு எடு” என்றார் அண்ணி. அப்படியே எடுத்தேன். குழியில் ரத்தம் நின்றிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் கத்திய தொண்டை, ஒரு வார்த்தைக்கு இப்படித் தடுமாறும் என்று நான் நினைத்ததே இல்லை.

“வாங்க அண்ணி” என்றேன். நாக்கு தடித்து, குழறி, குழந்தை பேசுகிற மாதிரிதான் வந்தது. “உள்ள வாங்க.”

அண்ணி எழுந்து, குடையை மடக்கி, கோலமாவு எழுத்தை மிதிக்காமல் தாண்டி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்து இறங்கினார். கையில் மாத்திரையும், உருகி வழிகிற ஐஸ்கிரீம் டப்பாவும். அக்கா கேட்டுக்கு உள்ளே நிற்பதைப் பார்த்ததும், கோட்டை பிடித்தவர் மாதிரி முகம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் நாளே அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். “நாளைக்குப் பதினொண்ணு, பதினொண்ணரைக்கு வாக்கா. அவ ஒன்ன எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பல் விஷயத்தை மூச்சுவிடவில்லை. சொன்னால் ‘வாய கட்டிப்போட்டுட்டுத்தான் என்னய கூப்புடுறியா’ என்று அக்கா வராமல் போய்விடுவாரே என்று பயம். பிறகு மருந்துக்கடைப் பக்கமாகப் போய் ஒளிந்துகொண்டார்.

ஒரு வார்த்தையும் பேசாதவள் ‘வாங்க’ என்ற வார்த்தையையும் பேச மாட்டாளே என்று இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்! மூன்று வருடம் யோசித்துப் போட்ட ஒரே திட்டம், அதுவும் இந்த லட்சணத்தில். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். “மூடு” என்றார் அண்ணி. மூடிக்கொண்டேன். என் கணவர் அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் எங்கள் மகள் பிறந்தபோதுதான் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் அண்ணி எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் வாய் அவருடைய அதிகாரத்துக்குள் வந்தது. முதல் நாள் சூடு என்ற பேச்சே கிடையாது. அந்தப் பித்தளைப் பானையில் நொய்யரிசிக் கஞ்சி காய்ச்சி, விசிறியால் விசிறி ஆறவைத்து, மோர் ஊற்றி, இடது பக்கமாகச் சாப்பிடச் சொன்னார். என் கணவர் இளநீர் வெட்டி, அதில் குழாயைப் போட்டு நீட்டினார். “உறிஞ்சினா அந்த மூடி கழண்டுடும்டா” என்று தம்பி கையிலிருந்து பிடுங்கி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா வந்து, குழியில் புகையிலையை அடைத்தால் வலி போய்விடும் என்றார். அண்ணி அவருக்குக் காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். மறுநாள் சரியாக இருபத்துநாலு மணி நேரம் முடிந்த பிறகு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். “கொடகொடன்னு கொப்புளிக்காத. வாயில வச்சு, தலைய இப்புடியும் அப்புடியும் சாச்சு, தானா வழிய விடு.” கொல்லையில் நின்று நான் தலையைச் சாய்க்க, எதிரே நின்று அவரும் தலையைச் சாய்த்துக் காட்ட, நாங்கள் இருவரும் ஏதோ நாட்டியம் பழகுகிற மாதிரி இருந்தது. என் கணவர் மூன்று நாளும் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

வலி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியது. ஆனால் அந்த மூன்று நாள்போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. நான்காம் நாள் நாக்கு அந்தக் குழியைத் தேடித் தேடிப் போனது. “நோண்டாத, ஆறிக்கிட்டு வர்றத நோண்டாத” என்று அண்ணி கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டே போனார்.

நலங்குக்கு வந்தார். முதல் சந்தனத்தை அவர்தான் என் மகளின் கன்னத்தில் தடவினார். கல்யாணத்தன்று சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு தன் வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? மண்டபத்துச் சமையல்கட்டில். வேறு சமையல்காரர், அதே பூசணிக்காய், அதே கூழ். எனக்கு வந்ததே கோபம்! “இதுக்குப் பேரு சாம்பாரா, பசையா?” என்று கரண்டியைப் பிடுங்கி அவருக்கே காட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் மூச்சிரைக்க ஓடி வந்து, வாசல் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாழைமரம் கட்டிய வாசலில், சீர்த்தட்டுகளோடு வந்தவர்கள் எல்லாரும் பின்னால் காத்து நிற்க, அண்ணி பித்தளைப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தி அம்மா பன்னீர் தெளித்து, “வாங்கம்மா, வாங்க” என்கிறார். யார் யாரோ சொல்கிறார்கள். அண்ணி அசையவில்லை.

கரண்டியைப் போட நினைவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பந்திக்கு நடுவே புகுந்து, சாம்பார் சொட்டச் சொட்ட ஓடினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“வாங்க அண்ணி! வாங்க, வாங்க, வாங்க!” என்று கத்தினேன். நாதசுரத்தையும் மீறிக் கேட்டிருக்கும்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“ஒண்ணுமில்ல” என்றார். “இன்னும் பஞ்சு இருக்கான்னு பாத்தேன்.”